அக்காவுக்கென்று ஓர் அறை

புது வாடகை வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, வாசலில் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள். பழைய வீட்டில் வந்த பழக்கம் அது. பதுளையில் நானும் கணவரும் பிள்ளைகளும் முன்பு இருந்தது ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில். ஆள் கூடினால் தண்ணீர்க் காசும் கூடும் என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே ஆளை எண்ணிவிடுவார். அதனால் பூனாகலைத் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் அக்கா, செருப்பை உள்ளே ஒளித்துவைத்து, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, மாலை பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். ஓர் இரவுகூட எங்களோடு தங்கியதில்லை. "இங்க செருப்பை வெளியவே விடலாம் அக்கா" என்று சொன்னபோது, கோட்டையைப் பிடித்துவிட்டதுபோல் எனக்குப் பெருமை.

அம்மா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்ட வேலையில் பேர் பதிந்தவர் யாரும் வீட்டில் இல்லாவிட்டால், தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து அறையைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பயம். காரியம் முடிந்த கையோடு அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். அவள் கொழுந்து பறித்ததால்தான் அந்த அறை எங்களுக்கு நிலைத்தது. அங்கே படித்துத்தான் நான் உத்தியோகத்துக்கு வந்தேன். முழங்கால் தேய்ந்துபோன அவளை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், அவளுக்கென்று ஓர் அறை வேண்டும் என்பதே என் ஆசையாக இருந்தது. காணி வாங்கி வீடு கட்டுவதை எங்கள் சம்பளத்தில் நினைக்கவே முடியாது. சீட்டுக் கட்டிச் சேர்ப்பதற்குள் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். அதனால்தான் ஓர் அறை கூடுதலாக உள்ள இந்த வீட்டை, வாடகையைக் கேட்டுக் கணவரின் முகம் சுருங்கியும், பிடிவாதமாக எடுத்தேன்.

அக்கா அந்த அறையில் ஒரே ஓர் இரவு படுத்தாள். காலையில் சமையலறைக்கு வந்து வாடகை எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.

"பாப்பா, அந்த ரூமை யாருக்காச்சும் வாடகைக்குக் குடுத்துரு. எனக்குத்தான் லயம் இருக்கே."

"உனக்காகத்தான் அக்கா இந்த வீட்டையே எடுத்தோம்."

"புள்ளைங்களுக்குப் பால்மாவ நிறுத்திட்டு எனக்கு ரூமா? கேட்டா ஊரு சிரிக்கும்."

பால்மா டின்னைத் திறந்து பார்த்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் லயத்துக்குத் திரும்பிய சில மாதங்களிலேயே வாடகை கழுத்தை நெரிக்க, அவள் சொன்னபடிதான் செய்தோம். மொனராகலையிலிருந்து ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி அந்த அறையில் குடிவந்தாள். டின்னில் மறுபடி பால்மா நிறைந்தது. அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

போன மழையில் மண் சரிந்து பூனாகலை பஸ் ஓடவில்லை. கிளினிக்குக்கு வந்த அக்கா எங்களோடு தங்க வேண்டியதாயிற்று. ஹாலில் பாயை விரித்தேன். சிமெந்துத் தரை சில்லென்றிருந்தது. அந்தப் பிள்ளை கதவைத் திறந்து, "ஆன்ட்டி, உள்ள வந்து கட்டில்ல படுங்க. நான் கீழ படுத்துக்கிறேன்" என்றாள்.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வேணாம் புள்ள. நீ காசு குடுத்து இருக்கிற எடம்."