மங்களத்தின் ஐந்து எண்கள்

மங்களம் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவர். கணவர் வேதாசலத்துக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. மாரெட்பள்ளிக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். தெலுங்கு பிடிபடாத முதல் வருடத்தில் ஒருநாள் வானொலியில் சிற்றலையைத் திருப்பியபோது பெய்ஜிங், மாஸ்கோ, வத்திக்கான் என்று எங்கிருந்தெல்லாமோ தமிழ் வந்தது. ஒலிபரப்பு எப்படிக் கேட்கிறது என்று நேயர்களை எழுதச் சொன்னார்கள். எழுதினார். ஒலியின் வலிமை, இடையூறு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் என்று ஐந்து அம்சங்களுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அவற்றைச் சேர்த்து 44333 என்பதுபோல் எழுத வேண்டும்.

2002இல், அவர் அனுப்பி விலாசம் சேராமல் திரும்பிய கடிதம் ஒன்று, குவார்ட்டர்ஸ் விலாசத்தைப் பார்த்து கணவரின் அலுவலகத்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டு முகவரி, உள்ளே வரிசையாக எண்கள். அலுவலகத்தில் சந்தேகப்பட்டு வேதாசலத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இனிமே எழுதாத. பிரமோஷன் வர்ற நேரம்," என்றார் வேதாசலம்.

"என்ன தப்புன்னு அவங்க சொல்லட்டும், நிறுத்துதேன்."

மறுநாள் மாலை, கடிதங்களின் கார்பன் நகல்கள் அத்தனையும் அடங்கிய பை ஒரு கையில், வானொலி இன்னொரு கையில் என்று அலுவலக வாசலுக்கே போய்விட்டார். வானொலியை உள்ளே விட முடியாது என்றார்கள் காவலர்கள்.

"அப்ப உங்க ஆபீசரை வெளிய வரச் சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் நின்றார். பாதுகாப்பு அதிகாரி ஜெயச்சந்திரன் வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரியும்.

"இந்த நம்பரெல்லாம் என்னம்மா, சங்கேதமா?"

மங்களம் வானொலியைத் திருப்பினார். அது தமிழ் ஒலிபரப்பு நேரமில்லை. வேறேதோ மொழியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

"மொழி புரிய வேண்டாம். தெளிவா கேக்குதான்னு பாத்து நீங்களே மார்க்கு போடுங்க."

அதிகாரி குனிந்து கேட்டார். "இரைச்சல் ஜாஸ்தி. ரெண்டு."

"எழுதுங்க," என்று பேனாவை நீட்டினார். ஐந்து எண்களையும் எழுதிவிட்டு அதிகாரி லேசாகச் சிரித்தார்.

"சரி, புரியறது. இருந்தாலும் குவார்ட்டர்ஸ் விலாசத்திலேர்ந்து வேண்டாம்."

"இங்க வேல பாக்கது அவுக. கடிதம் எழுதுதது நான். போஸ்ட் ஆபீஸ்ல எம்பேர்ல ஒரு தபால் பெட்டி எடுத்துக்கிடுதேன்."

அந்த வாரமே எடுத்தார். வேதாசலம் இரண்டு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப்போனது. காரணம் யாரும் சொல்லவில்லை.

"உன்னாலதான்," என்றார் அவர்.

"இருக்கலாம். அதுக்கு நான் ஏன் வாய மூடணும்?"

அன்று சாயங்காலமே ஒரு வானொலி நிலையத்துக்கு எழுதினார்: செய்தி வாசிப்பவர் ழகரத்தை விழுங்குகிறார், திருத்திக்கொள்ளச் சொல்லவும்.