நுழைவு மறுக்கப்பட்டது

பொய் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவு, நொடிக் கணக்கோடு, இன்றும் எழிலரசியின் லேப்டாப்பில் இருக்கிறது. அழிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எழிலரசி வாலாஜாபாத்துக்காரி. ஒரகடத்தில், கார் கதவுக்குத் தகடு அடித்துத் தரும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் அவள் பொறுப்பு. அங்கே தகட்டை அழுத்தி வடிவாக்கும் நான்கு பெரிய பிரஸ்கள். ஒவ்வொன்றையும் இயக்க ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸில் உட்கார்ந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் பிரஸ்ஸை ஓட்டலாம், நிறுத்தலாம். பெயரோ பாஸ்வேர்டோ கேட்காது. திறந்த வீடு மாதிரி.

மூன்று வாரமாக ஒரு தொல்லை. தினமும் மதியம் 2:10க்கு நான்காவது பிரஸ் நின்றுவிடும். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டார். பழுதே இல்லை. எழிலரசி பதிவைத் தோண்டினாள். யாரோ ரிமோட்டில் நுழைந்து நிறுத்தியிருக்கிறார்கள். யார், எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

மேனேஜர் மூர்த்திக்குச் சந்தேகமே இல்லை. "அந்த டில்லிபாபுதாம்மா. பர்மனென்ட் பண்ணலன்னு கடுப்புல கீறான்."

டில்லிபாபு நான்காவது பிரஸ்ஸை ஓட்டும் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"ஆதாரம் இல்லாம எப்படி சார்?"

"அதுக்குத்தான் சொல்றேன். சண்டே லைன் ஓடாது, வேற ஆளே இருக்காது. கிளீனிங்னு சொல்லி அவனை மட்டும் வரச் சொல்லிகீறேன். நீ லாகின் போட்டு வை. ரெண்டு பத்துக்கு எவன் வந்து முட்றான்னு பாரு. மாட்னான்னா மறுநாளே வெளிய."

ஞாயிற்றுக்கிழமை எழிலரசி ஆபீஸ் மாடியில் தனியாக உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். இனி யார் வந்தாலும், திரை திறக்கும் முன்பே பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். தவறினால் திருப்பி அனுப்பிவிடும். வந்தவர் கொடுத்த பெயரையும் எங்கிருந்து வந்தார் என்பதையும் பதிந்துகொள்ளும். 1:40க்கு முடித்தாள். தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள், திறந்தது. வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள். நுழைவு மறுக்கப்பட்டது.

1:55. கேமராவில் டில்லிபாபு தெரிந்தான். பிரஸ் அருகே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். சாவகாசமாக. ஒன்றும் தெரியாதவன் மாதிரி. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வாசல் செக்யூரிட்டி கிளியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, டில்லிபாபு போனை உள்ள எடுத்துட்டுப் போனாரா?"

"இல்லம்மா. இங்க போன் போடற டப்பாலதான் கீது."

இன்னொரு போன் வைத்திருப்பானோ? அவன் பேன்ட் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2:10:04.

டிங்.

நுழைவு மறுக்கப்பட்டது. பெயர்: சுப்பராயன்.

கேமராவைப் பார்த்தாள். டில்லிபாபுவின் இரண்டு கைகளிலும் எண்ணெய்த் துணி. அவன் இல்லை. அப்படியானால்... சுப்பராயன் யார்? அவள் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். பிரஸ்கள் ஓடும் கூடத்தின் பழைய சூப்பர்வைசர் கேபின்.

"அக்கா, பழைய கேபின்ல யார் இருக்கா?"

"அது பூட்டிதானம்மா கீது. சாவி என் இடுப்புல கீது."

2:10:31. டிங்.

2:10:33. டிங்.

பிறகு நொடிக்கு ஒன்று. பிறகு நொடிக்கு மூன்று. எந்த மனிதக் கையாலும் அவ்வளவு வேகமாகத் தட்ட முடியாது. டிங் டிங் டிங்... வாசலில் யாரோ உயிர் போகிற அவசரத்தில் கதவை இடிப்பது போல.

திடீரென்று பெயர் மாறியது.

பெயர்: நிறுத்து.

பெயர்: ஆள் உள்ள.

பெயர்: ஆள் உள்ள.

பெயர்: ஆள் உள்ள.

கேமராவைப் பார்த்தாள்.

டில்லிபாபு தலையையும் தோளையும் பிரஸ்ஸுக்குள் நுழைத்திருந்தான். வீட்டுக்குப் போகும் அவசரம். மெயினை அணைக்கவில்லை.

பிரஸ்ஸின் சிவப்பு விளக்கு... பச்சையானது.

மேல் அச்சு இறங்கத் தொடங்கியது.

எழிலரசி தன் பெயரைப் போட்டாள். பாஸ்வேர்டு போட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது...

டிங் டிங் டிங் டிங்.

அவள் பூட்டைக் கழற்றினாள்.

'லாகின் அவசியம்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். என்டர் தட்டினாள்.

சத்தம் நின்றது.

நான்காவது பிரஸ்ஸின் திரை அவள் முன்னால் விரிந்தது. அவள் மவுஸைத் தொடவில்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது. நேராக 'ஸ்டாப்'புக்குப் போனது.

அழுத்தியது.

ஒரு ஜாண். அவன் கழுத்துக்கும் அச்சுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி.

அவள் கீழே ஓடியபோது டில்லிபாபு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஸ்விட்சைத் தொடவே இல்ல மேடம். என் பொண்ணு மேல சத்தியமா."

"தெரியும்."

கிளியம்மாள் கேபினைத் திறந்தாள். மேஜை முழுக்கத் தூசி. கைத்தடம்கூட இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. சுவரிலிருந்து ஒரு நெட்வொர்க் வயர் தொங்கியது. அதன் முனை எதிலும் செருகப்படவில்லை.

திங்கள் காலை எழிலரசி, ஆட்கள் கணக்கைப் பார்க்கும் பர்சனல் ஆபீஸில் பதினைந்து வருடமாக இருக்கும் அம்சவல்லியிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். அம்சவல்லி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த கேபின்ல இருந்த சூப்பர்வைசர்மா. மூணு வருஷம் முன்னாடி, உள்ள ஆள் இருக்கறது தெரியாம ரிமோட்ல நாலாவது பிரஸ்ஸை ஓட வுட்டுட்டாரு. ஆபரேட்டர் அங்கயே போயிட்டாரு. மதியம் ரெண்டு பத்து. அதுக்கப்புறம் அந்த மனுசன் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு. மூணாம் மாசம் அவரும் போயிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் எப்படி ஓடத் தொடங்கியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூர்த்தி டில்லிபாபுவைப் பற்றி அதன்பின் வாய் திறக்கவில்லை.

எழிலரசி லாகினைத் திரும்பப் போட்டாள். பட்டியலின் கடைசியில் ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்த்தாள். சுப்பராயன். பிரஸ்ஸை நிறுத்த மட்டும் அனுமதி. பாஸ்வேர்டுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டி, அதை அப்படியே பிரதி எடுத்துக் கீழ்க் கட்டத்திலும் ஒட்டினாள். அது என்னவென்று அவளுக்கே தெரியாது.

அன்று மதியம் 2:10:04.

டிங்.

பெயர்: சுப்பராயன். நுழைவு ஏற்கப்பட்டது.

முதல் முயற்சியிலேயே.