ஏறிய கியரில் இறங்கு

அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அவரை 'செகண்ட் கியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, ஓர் ஆளைக்கூடக் காயப்படுத்தாத டிரைவர் அவர் ஒருவர்தான். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். லாரி கழுவ வந்து, ஓட்டக் கற்று, இன்று சொந்தமாக இரண்டு வேன் வைத்திருக்கிறார். யாரும் தூக்கிவிடவில்லை. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. அவர் படித்த படிப்பே அதுதான்.

அப்படிப்பட்டவர் அன்று மலை உச்சியில் வேன் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். கேட்டது மாப்பிள்ளை. மகளைக் கட்டியவர் வாய்விட்டுக் கேட்டால் எப்படி முடியாதென்பது? பின் இருக்கையில் மகளும் பேத்தியும்.

மாப்பிள்ளை சீக்கிரமே நாலாவது கியருக்குப் போய்விட்டார். கால் பிரேக்கிலேயே குடியிருந்தது. கண் பள்ளத்தாக்கில்.

"மாமா, அங்க பாருங்க, மேகம் நமக்குக் கீழ போகுது!"

"மேகம் எங்கயும் ஓடிடாது மாப்பிள்ளை. செகண்டுக்கு வாங்க."

"அதெல்லாம் உங்க காலத்து வண்டிக்கு மாமா. இது பிரேக் நல்லாத்தான் பிடிக்குது."

மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். மாப்பிள்ளையாச்சே. ஒன்பதாவது வளைவில் கருகல் வாடை. பதினோராவதில் மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

"மாமா, பிரேக் பிடிக்கல!"

"கிளச்சை மிதிடா மடையா!"

கியரை அவரே பிடுங்கி மூன்றுக்கு இழுத்தார், பிறகு இரண்டுக்கு. இன்ஜின் அலறியது. ஒரு கையால் கைப்பிரேக்கை விட்டு விட்டு இழுத்து, மறுகையால் ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் திருப்பினார். வேன் மண்மேட்டில் உரசி நின்றது.

சக்கரத்தில் புகை. மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். அவர் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"சூட்டுல தண்ணி ஊத்தினா பிரேக் டிரம் வெடிச்சிடும்! இதுகூடத் தெரியாதா?"

"அப்பா, குழந்தை முன்னாடி அவரைப் போயி..."

"குழந்தை உயிரோட இருக்குறதே பெரிசு. பேசாதே!"

ஒரு மணி நேரம் சக்கரம் ஆறியது. அவர் ஆறவில்லை. மூணு தடவை சொன்ன வாய் ஏன் மூடிக்கொண்டது என்று தன் மேலேயே பொங்கிப் பொங்கி வந்தது. பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"மாமா மன்னிப்புக் கேக்காம நான் ஏற மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை, மனைவியிடம்.

"தாராளமா நடந்து வாங்க."

மகள் புருஷனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள்.

"எடுங்கப்பா."

இரண்டாவது கியரில் வேன் ஊர்ந்தது. அடுத்த வளைவில், ஓரம் அகலமான இடத்தில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்க வந்த மாப்பிள்ளை பின்கதவைத் திறந்தார்.

"மாமா, நீங்க அப்படிப் பேசியிருக்க..."

"அப்படித்தான் பேசுவேன். கதவை நல்லாச் சாத்துங்க."