ஈசல் கவுச்சியில் சேருமா?

அன்று சாயந்திரம் வீட்டில் இருந்தவர்கள் நான், என் கணவர், என் மகள், பாகூரிலிருந்து வந்திருந்த என் அக்கா. நாலே பேர். வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

என் கணவருக்குக் காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). திருபுவனை கம்பெனியில் வேலை பார்த்தபோது இருமல் நிற்காமல் போய், சளியைச் சோதித்துச் சொன்னார்கள். ஆறு மாதம் மாத்திரை. நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது என்றார்கள். அந்த ஒரு பேச்சு என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் விழுங்கும்போது தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன்.

"வாயத் தொறந்து காட்டட்டுமா?" என்பார் எரிச்சலாக.

எடை ஏறவில்லை. புரதம் (சதை பிடிக்க வைக்கும் சத்து) வேண்டும், முட்டையும் பயறும் கொடுங்கள் என்றார்கள். அவருக்கோ முட்டையைக் கண்டாலே குமட்டியது.

அந்த வெள்ளிக்கிழமைதான் அக்கா ஒரு டப்பாவோடு வந்தாள். மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பிய ஈசலைப் பிடித்து, இறக்கையைப் புடைத்தெடுத்து, அரிசியும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தது.

"முட்டைய வுட சத்துடி இது. நம்ம வூட்ல எத்தினி மழைக்குத் துன்னுருக்கோம், நமக்கு இன்னா ஆயிடுச்சி?"

என் கணவர் கடலோரத்தில் வளர்ந்தவர். ஈசல் தின்றதில்லை. "பூச்சியாக்கா?" என்று முகம் சுளித்தார்.

"கடலோரத்துல பொறந்துட்டு இறாலும் துன்ன மாட்டாரு, பூச்சியும் துன்ன மாட்டாரு. காத்தயா துன்னுவாரு?"

சிரித்துக்கொண்டே இரண்டு கை அள்ளித் தின்றார். எவ்வளவு நாள் கழித்து ஆசையாகத் தின்கிறார் என்று எனக்குக் கண் கலங்கியது.

விளக்கு வைப்பதற்குள் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சில் விசில் சத்தம். ஆட்டோவில் ஏற்றி ஓடினோம். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

"கவுச்சி எதனா சாப்ட்டாரா? மீனு, கறி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வெள்ளிக்கிழமைல கவுச்சியே சேக்க மாட்டோம்மா" என்றேன். பெருமையாகவே சொன்னேன். எங்கள் பிறந்த வீட்டில் ஈசல் பொரிகடலையோடு சேர்த்தி.

"அப்ப மாத்திரையா இருக்கலாம். தெரியறவரைக்கும் நிறுத்தி வெப்போம்."

ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். மறுநாள் காலையில் மாத்திரை இல்லை. அவர், "உடம்புக்கு லீவு வுட்ட மாரி இருக்குது" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு உட்கார முடியவில்லை. வராந்தாவில் போவேன், வருவேன். ஒவ்வொரு இருமலிலும் கிருமி பெருகுகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது.

அப்போது அக்கா அதே டப்பாவோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். "நேத்து பாதியிலயே வுட்டுட்டாரு. தெம்பு வேணாமா?"

டாக்டரம்மா பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார். "இது இன்னா?"

"ஈசல்மா."

"நேத்தும் சாப்ட்டாரா? கவுச்சி இல்லன்னீங்களே?"

"இது கவுச்சி இல்லியேம்மா." நானும் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம்.

டாக்டரம்மா என் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இறால் ஒத்துக்குமா?"

"சின்ன வயசுலேர்ந்தே ஆகாதும்மா. தடிச்சிக்கும்."

ஒவ்வாமை (ஒரு பொருளை உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது) என்றார் டாக்டரம்மா. இறாலில் இருக்கும் ஒருவகைப் புரதம் பூச்சியிலும் உண்டாம். இறால் ஆகாதவர்களில் பலருக்குப் பூச்சியும் ஆகாதாம். மாத்திரைகளைத் தன் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"ஈசல் சத்துதான். ஒத்துக்கறவங்க சாப்புடுங்க. இவருக்கு மட்டும் எப்பவும் வேணாம்" என்றார். அக்கா டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் நோயாளி இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் கேட்டால், கொறித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவருக்கு மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை, எடையும் ஏறிவிட்டது. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. மழை விட்டால் தெருவே புற்றுப் பக்கம் ஓடும். நான் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிடுவேன்.

"இன்னும் எத்தினி நேரண்டி இருட்டுல?" என்பார்.

"ஈசல் அடங்கட்டும்."

கையை நீட்டி அவர் உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன். வீக்கம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடுவேன்.