தறியை ஓட்டச் சொன்ன நர்ஸம்மா

எங்கள் வீட்டில் தறிகள் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்கும், இல்லையென்றால் யாராவது செத்திருப்பார்கள். ஒரு பிரசவத்துக்காக அவை நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லடம் பக்கத்தில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம், சொன்ன நாளுக்கு முந்தியே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கிற வரைக்கும் தாங்காது என்றதும், அப்பா போய் ஊர் நர்ஸம்மாவை மொபெட்டில் ஏற்றிவந்தார். வந்த கையோடு தறிகளை நிறுத்தினார். எனக்கடுத்துப் பிறந்த குழந்தை அழாமலே போய்விட்டிருந்தது. இந்தத் தடவை அழுகைச் சத்தம் காதில் விழுந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அம்மா மாசமாயிருந்த நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. முழங்கை வரை சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினார். அம்மா அலறும்போதெல்லாம், "வலிக்கத்தானுங்க செய்யும் அம்மணி. மூச்சை விடுங்க, இப்ப முக்க வேண்டாம்" என்று கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னார். எட்டு வயசுப் பிள்ளை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா துடிக்கிறாள், இந்தம்மாவுக்கு என்ன நிதானம்!

என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன், போய் அறையிலிருந்து கொட்டகைக்குத் திறக்கும் கதவின் இடுக்கில் நின்றுகொண்டேன். குழந்தை வந்தது. நாவல்பழ நிறத்தில் துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை. கூட இருந்த அத்தை விம்மத் தொடங்கினாள். நர்ஸம்மா துண்டால் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "ஏனுங்க, எனக்கொரு காப்பி வெய்யுங்க, சக்கரை தூக்கலா" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். அடுத்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "கண்ணு, அப்பாகிட்டப் போய்த் தறியை ஓட்டச் சொல்லு" என்றார்.

அப்பா கொட்டகை மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தறியை ஓட்டச் சொல்கிறார்கள் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதானே அர்த்தம்? மனுசன் ஒன்றுவிடாமல் எல்லாத் தறிகளையும் போட்டுவிட்டார். வீடே அதிர்ந்தது.

திரும்பி வந்து பார்த்தால், நர்ஸம்மா அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோர மேசையில் குழந்தையைக் கிடத்திக் கொஞ்சிக்கொண்டிருந்தார். வாயோடு வாய் வைத்து முத்தம். நிமிர்ந்து குழந்தையின் நெஞ்சைப் பார்ப்பார், மறுபடி முத்தம். அம்மா தலையைத் தூக்கி, "அழுகுதுங்களா?" என்று கத்தினாள்.

"பையன், அம்மணி. இந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்குது, படுங்க" என்று திரும்பாமலே பதில் வந்தது.

எனக்கு வயிறெரிந்தது. பெற்றவளுக்குக் காட்டக்கூட இல்லை, அதற்குள் இப்படி ஆசைதீர முத்தமா?

கொஞ்ச நேரத்தில் குழந்தை காலை உதைத்தது. உடம்பு சிவந்தது. வாய் பெரிதாகத் திறந்தது. நர்ஸம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தறியை நிறுத்தச் சொல்லி எனக்குச் சாடை காட்டினார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். ஒவ்வொன்றாக நின்று கடைசித் தறியும் ஓய்ந்தபோது, என் தம்பியின் அழுகை வீடு முழுக்க இருந்தது. அம்மா சிரித்தாள். அத்தை காப்பியோடு வந்து அழுதாள்.

நான் விடுவேனா? குழந்தையை அம்மா பக்கத்தில் கிடத்தியதுமே போட்டுக்கொடுத்துவிட்டேன். "அம்மா, உனக்கு முந்தி இவங்கதான் முத்தம் குடுத்தாங்க. வாயிலயே. ஒண்ணில்ல, எத்தனையோ. நீ பாக்கல."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நர்ஸம்மாவையே பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சக்கரை தூக்கலாகக் கேட்ட காப்பியை இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இப்போது நல்ல திட்டு விழும் என்று ஆசையோடு காத்திருந்தேன். அம்மாவோ குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னொண்ணு குடுங்க" என்றாள். "நான் பாக்கோணும்."

அத்தனை எடுத்துச் சொல்லியும் திட்டாமல், அழுதுகொண்டே இன்னொன்று கேட்கிறாளே, இவள் யார் பக்கம்தான் என்று எனக்குப் புரியவே இல்லை. ரெண்டு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை.