பொட்டலுக்கு முதல் வேலி

காலை 7.10. முந்தின இரவே மதுரையிலிருந்து வந்து தங்கிய காரைக்குடியில் திருப்பத்தூர்ப் பேருந்தில் ஏறும்போதே களைத்திருந்தேன். படுக்கையிலிருந்து எழுந்ததற்கே இளைப்பாறக் கேட்கிற உடம்பு இது. இரண்டு ஊராட்சிகள் சேர்ந்து ஒரு பொதுநிலத்துக்குத் திட்டம் போடுகின்றன என்று அவற்றில் ஒன்றில் செயலராக இருக்கும் நண்பர் அழைத்திருந்தார். செட்டிநாட்டுக் கூட்டம் என்றால் பந்தி இருக்கும் என்று நானாக ஒரு திட்டம் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். டிக்கெட் பதினேழு ரூபாய்.

நாச்சியாபுரத்தில் இறங்கி ஆட்டோ. நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். ஓட்டியவர் காசிம், சவூதியில் பன்னிரண்டு வருடம் இருந்து திரும்பியவர்.

"பொட்டலுக்கா? அங்குட்டுப் போயி என்னத்தப் பாக்கப் போறீக?"

"கூட்டம். பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்னாங்க."

"ரெண்டும் பொண்ணு குடுத்து எடுத்த ஊருக. பதினொண்ணுக்கு டீ வந்தாலே பெருசு" என்றார்.

9.00. பொட்டல், நாற்பது ஏக்கர். செம்மண் சரளை, கருவேல முள், நடுவில் ஓர் எல்லைக்கல். கல்லுக்குக் கிழக்கே ஓர் ஊராட்சி, மேற்கே இன்னொன்று. இங்கே விழும் மழைதான் ஓடிப்போய் இரண்டு ஊர்க் குடிநீர் ஊருணிகளையும் நிரப்புகிறது. முள்ளை அகற்றி, நாட்டு மரக்கன்றுகள் நட்டு, வேலி போட்டு, கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை இரண்டு வருடம் காப்பது என்பது திட்டம். மழைக்கு முன் நட்டாக வேண்டும். அதற்கு இரு ஊரும் இன்றே தீர்மானம் எழுதியாக வேண்டும்.

கிழக்கூர்த் தலைவர் செல்வி, மேற்கூரில் பிறந்து கிழக்கூருக்கு வாழ்க்கைப்பட்டவர். மேற்கூர்த் தலைவர் ராசமாணிக்கம் அவருக்குச் சித்தப்பா முறை. இருவரும் தத்தம் ஊர்ப் படத்தைப் பிளாஸ்டிக் மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள்.

இரண்டு படத்திலும் ஒரே வாசகம்: 'முதலில் நமது பாதிக்கு வேலி. கன்று வளரும்வரை ஆடுகள் அடுத்த பாதியில் மேயும்.'

"அப்ப எங்குட்டுத்தான் மேய்க்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேச்சி. ஆடு மேய்க்கும் கிழக்கூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், கையில் தழை இழுக்கும் தொரட்டி. "ரெண்டு பக்கமும் அடைச்சா இருவத்திரெண்டு உருப்படியையும் திருப்பத்தூர்ச் சந்தையிலதான் நிறுத்தணும். அப்புறம் கஞ்சிக்கு ஒங்க ரெண்டு பேரு வீட்டுக்கும் மாத்தி மாத்தி வாரேன்."

யாராவது ஒருவர் முதலில் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். சம்பந்தி ஊர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நாங்க பொண்ணு குடுத்த ஊரு. நாங்க முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? நீயே மொதல்ல போடு ஆத்தா" என்றார் ராசமாணிக்கம்.

"பொறந்த ஊரத் தள்ளிவிட்டு வாக்கப்பட்ட ஊருக்கு வாங்கிக்கிட்டான்னு பேசமாட்டாகளா சித்தப்பா? நீங்களே போடுங்க."

பந்தியில் முதல் இலைக்கு ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்களே, அதே உபசாரம். ஆனால் இலையும் இல்லை, சோறும் இல்லை. டீ பதினொன்றே காலுக்கு வந்தது, இரண்டு முறுக்குடன். பன்னிரண்டுக்கும் உபசாரம் நடந்துகொண்டிருந்தது. நிழலுக்கு இருந்த ஒரே வேப்பமரத்தடியில் நான் நகர்ந்த வேகத்தில் வெயிலும் நகர்ந்தது.

12.30. "வெளியூர் ஆளு நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினார்கள். பசியில் மூளை என் பேச்சைக் கேட்பதில்லை. "ரெண்டாப் பிரிச்சிக்கிட்டா என்ன?" என்றேன். செல்வி எல்லைக்கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நண்பர் எனக்கு இன்னொரு முறுக்கு கொடுத்தார், வாயை அடைக்க.

பேச்சிதான் முடித்து வைத்தார். "தண்ணிக் குட்டை மேக்கதான் கெடக்கு. ஆடு குடிக்கணும்ல. கிழக்க அடைங்க மொதல்ல."

"ஒன் வீடு கிழக்கக் கோடியிலல்ல இருக்கு? தெனம் சுத்திக்கிட்டு வரணுமே" என்றார் செல்வி.

"கால் இருக்கு, நடக்கிறேன். ஆட்டுக்கு நாக்கு வறண்டா என்ன செய்வீக?"

ராசமாணிக்கம் சிரித்தார். "ஆடு சொன்னதுன்னா ரெண்டு ஊருக்கும் கௌரவக் கொறச்சல் இல்ல ஆத்தா. எழுதச் சொல்லு."

"மேக்க ரெண்டு வருசம் தொறந்தே கெடக்கும்னும் எழுதுங்க. வாய்ச்சொல்லு வேணாம்" என்றார் பேச்சி. செயலர் எழுதியதை அவரையே உரக்க வாசிக்கவைத்து, 'திறந்தே' என்ற சொல்லை இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் விட்டார். பிறகு இரு தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். யார் முதலில் என்பதற்கு மேலும் பத்து நிமிடம் ஆனது.

2.50. கிளம்பினேன். மதுரையில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் பொதுவாக ஒரு காலிமனை உண்டு. அங்கே 'நீங்கள் முதலில்' என்று யாரும் யாரையும் உபசரித்ததில்லை. எல்லோருமே முந்திக்கொண்டு குப்பை கொட்டினோம். நானும் ஒரு பழைய மெத்தை போட்டிருக்கிறேன்.

சாலைக்குத் திரும்பி நடந்தபோது பேச்சி ஆடுகளை எல்லைக்கல்லைத் தாண்டி மேற்கே ஓட்டிக்கொண்டிருந்தார். அவை கிழக்கே பழகியவை. நான்கைந்து திரும்பித் திரும்பி ஓடின. வேலிக்கு இன்னும் ஒரு குழிகூடத் தோண்டவில்லையே, இப்போதே எதற்கு என்று கேட்டேன்.

"கையெழுத்தாயிருச்சுல்ல" என்றார். திரும்பி ஓடியவற்றை மடக்க வெயிலில் மறுபடி கிழக்கே நடந்தார்.