மணி அடிக்காத வியாழக்கிழமை

காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டேதான் பிரதர் சவரிநாதன் ஜெபம் சொல்லிக்கொடுத்தார். மலேசியாவின் சுங்கை பினாங்கில் மாடிவீட்டுச் சமையலறையில் பழைய பத்திரிகையை விரித்து நெத்திலியைக் கொட்டுவார். புதிதாக வந்தவரை எதிரே உட்காரவைப்பார். "பேசாமக் கிள்ளுங்க. மனசு எங்கயாச்சும் ஓடினா, திட்டாமக் கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான் பாடம்" என்பார். பெரிதாக எதையோ எதிர்பார்த்து வந்த பலர் மறுபடி வரவில்லை.

அவர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் பல வருடம் துறவியாக இருந்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஊர் திரும்பினார். மௌன ஜெபம் கற்றுக்கொடுப்பது ஒன்றே அவர் வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்து யோகம்மா திருநீறு பூசிய நெற்றியோடு வந்து முன்வரிசையில் உட்காருவார். பிரதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அங்கே ஒரே ஒரு சட்டம். கண்ணை மூடிவிட்டால், அவர் கைமணியை அடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. கொசு கடித்தாலும் சரி, கால் மரத்தாலும் சரி.

எண்பத்தாறில் ஒரு வியாழக்கிழமை மாலை அந்த மணி அடிக்கவில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நான் தாமதமாகத்தான் போனேன். மணி அடிக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. பிரதரின் வாய் வலது பக்கம் தொங்கி, எச்சில் அங்கியில் வடிந்திருந்தது. பாய் நனைந்திருந்தது.

"பிரதர்!" என்று கூப்பிட்டேன்.

"ஷ்ஷ்! சும்மா இரு லா, தங்கச்சி." யோகம்மா கண்ணைத் திறக்காமலே அதட்டினார். "பிரதர் ஆழத்துக்குப் போயிட்டாரு."

"ஆழமுமில்ல ஒண்ணுமில்ல, பக்கவாதம்! கார்த்திகேசு அண்ணே, கெரெத்தாவ எடுங்க!" பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கார்த்திகேசு காரை எடுக்கக் கீழே ஓடினார்.

பிழைத்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வரை இருந்தார். ஆனால் வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது 'இல்ல' என்ற ஒரே சொல். ஆமாம் என்பதற்கும் அதுதான். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

முன்பே கொண்டுவந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார் டாக்டர். எல்லாரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பிரதர் வீடு திரும்பியதும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், காலைத் தொட்டார்கள், அழுதார்கள், போனார்கள். ஜெபத்துக்கு மட்டும் யாரும் உட்காரவில்லை. பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன.

ஒரு நாள் கார்த்திகேசு சொல்லியே விட்டார். "ஆள் சாகக் கிடக்குறப்ப நாம கண்ண மூடிட்டு இருந்தோம். இனிமே எப்படி லா மூடுறது? மாடிய விட்டுடலாம்."

கட்டிலில் பிரதரின் முகம் சிவந்தது. தினமும் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் நான். கை போனதற்கு அவர் இப்படிக் கலங்கியதில்லை. தாம் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்தப் பாய்களோடு போய்விடும் என்பதுதான் அவர் பயம். இடது கையால் தலைமாட்டில் இருந்த மணியை எடுத்து யோகம்மாவிடம் நீட்டினார். "இல்ல. இல்ல."

யோகம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ, நான் மாட்டேன் பிரதர். கண்ண மூடினா அந்த நாள்தான் வருது."

"அப்ப மூடாதீங்க, அக்கா," என்றேன். முதியோர் இல்லத்தில் எல்லாரும் தூங்கும்போது எங்களில் ஒருவர் விழித்திருப்பார். "மணி வச்சிருக்கறவங்க மட்டும் கண்ணத் திறந்து, ஒவ்வொரு முகமாப் பார்த்துட்டு இருக்கட்டும்."

"அது ஜெபமா? ஜாகா வேல லா!" என்றார் கார்த்திகேசு. காவல்காரரை இங்கே ஜாகா என்போம்.

பிரதர் எங்கள் இருவரையும் பார்த்தார். பாதி வாயால் சிரித்தார். மணியை யோகம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தம் இடது கையால் மூடினார். "இல்ல," என்றார்.

மறுநாள் காலை கார்த்திகேசு முணுமுணுத்துக்கொண்டே பாய்களை விரித்தார். வந்தவர்கள் கொஞ்சம் பேர். பிரதரைத் தலையணை வைத்துச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் இமையைச் சற்றே திறந்து பார்த்துக்கொண்டேன். யோகம்மா மட்டும் மூடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்வை பிரதரின் முகத்துக்கே அடிக்கடி திரும்பியது. யோகம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. சட்டம் சட்டம்தான். நேரமானதும் மணியை அடித்தார். நான் எழுந்து போய் பிரதருக்குக் கஞ்சி வைத்தேன்.